கர்தீரின் பட்டியலும் கொல்லத்துச் செப்பேடும்

வீரபாண்டி என்ற பெயரைப் பாண்டிய மன்னர் பலர் சூடியிருக்கின்றனர். அவர்களுடைய கயற்கொடியும் முத்திரையும் மறைந்து எத்தனையோ நூற்றாண்டுகள் சென்ற பின்னரும், திருப்பூருக்குத் தெற்கே பல்லடம் சாலையை ஒட்டிய எங்கள் பகுதியில் அந்தப் பெயர் பஸ்ஸின் பலகையிலும் பனியன் கம்பெனிகளின் ரசீதுகளிலும் நாள்தோறும் எழுதப்பட்டு வருகிறது. எழுதுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் அது ஓர் அரசனின் பெயர் என்ற நினைவு வருவதில்லை. அரசு அழிந்த பின்பு அதன் பெயர் என்ன ஆகிறது என்பதற்கு எங்கள் ஊரே ஒரு விடை. அரசு அழிந்த பின்பு அதனோடு பிணைந்து கிடந்த மதம் என்ன ஆகிறது என்ற வேறொரு வினாவுக்கு விடை தேட, நான் சற்று நெடுந்தூரம் போக வேண்டியதாயிற்று.

என்னை அங்கே அனுப்பிவைத்தவர் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக வேலை பார்க்கும் ஓர் இளைஞர். பாரசீகப் பேரரசைப் பற்றிய நூல் ஒன்றை என்னிடம் வாங்கிச் சென்று, ஷிப்டு முடிந்த இரவுகளில் படித்து முடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திருப்பிக் கொடுக்க வந்தவர், திண்ணையில் உட்கார்ந்தபடியே கேட்டார்: “ஏனுங்கய்யா, அந்த ராசாங்க அரபுக்காரங்ககிட்டத் தோக்காம இருந்திருந்தா, இன்னைக்கு அந்த நெருப்புச் சாமி எத்தனை கோடிப் பேருக்குச் சாமியா இருந்திருக்குமுங்க?”

நடவாததை நடந்ததாக வைத்துச் சரித்திரத்தை மாற்றிப் பார்க்கும் இந்த விளையாட்டை வித்துவான்கள் இகழ்ந்து பேசுவது வழக்கம். எனக்கு அதில் அவ்வளவு வெறுப்பு இல்லை. நிகழ்ந்தது ஏன் நிகழ்ந்தது என்று அறிய, நிகழாததை ஒரு கணம் நினைத்துப் பார்ப்பதும் ஒரு வழியே. ஆனால் இளைஞரின் கேள்விக்குள் ஒரு துணிபு ஒளிந்திருந்தது: அரசு நின்றால் மதமும் நிற்கும், அரசு வளர்ந்தால் மதமும் வளரும் என்பதே அது. அந்தத் துணிபு அவருக்கு உரியதன்று. பாரசீக அரசர்களுக்கே உரியது.

ஸாஸானிய வம்சத்தின் முதல் பேரரசனான அர்தஷீர், கி.பி. 224 இல் பார்த்தியப் பேரரசன் அர்தவானைப் போர்க்களத்தில் வீழ்த்தி அரியணை ஏறியபின், தான் வெளியிட்ட வெள்ளிக் காசின் ஒரு புறத்தில் முடிசூடிய தன் தலையையும் மறுபுறத்தில் கொழுந்துவிட்டு எரியும் அக்கினிபீடத்தையும் பொறித்தான். வெள்ளலூரிலும் கத்தாங்கண்ணியிலும் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்ட ரோமானியக் காசுகளை அறிந்த கொங்கு நாட்டாருக்கு, காசில் அரசன் தலை இருப்பது புதுமையன்று, புதுமை மறுபுறத்தில்தான். அந்த அக்கினிபீடம் தனியாக நிற்கவில்லை. சிங்கத்தின் பாதங்களையே கால்களாகக் கொண்ட அரியணை ஒன்றோடு ஒட்டிப் பிறந்ததுபோல் நிற்கிறது. அதன் அருகில் உள்ள எழுத்து அதை இறைவனின் நெருப்பு என்று சொல்லவில்லை, அர்தஷீரின் நெருப்பு என்று சொல்கிறது. ஒவ்வோர் அரசனும் பட்டமேறும்போது அவன் பெயரால் ஒரு நெருப்பு வளர்க்கப்படுவது அந்த வம்சத்தின் மரபு. அவன் ஆட்சியாண்டு அந்த நெருப்பின் வயது. பூவா தலையா என்று சுண்டிப் பார்த்துப் பயனில்லாத காசு அது: எந்தப் புறம் விழுந்தாலும் சொல்வது ஒன்றே.

இதே கருத்தை அர்தஷீரின் சிற்பிகள் நக்ஷ்-இ-ருஸ்தம் மலைப்பாறையில் இன்னும் பெரிதாகச் செதுக்கினார்கள். அரசனும் அஹுர மஸ்தாவும் இரண்டு குதிரைகளின்மேல் எதிரெதிரே அமர்ந்திருக்க, தெய்வம் அதிகார வளையத்தை நீட்ட அரசன் வாங்குகிறான். உருவத்திலும் உயரத்திலும் இருவருக்கும் பெரிய வேற்றுமை இல்லை. அரசனின் குதிரைக் காலடியில் தோற்ற அர்தவானும், தெய்வத்தின் குதிரைக் காலடியில் தீமையின் தலைவனான அஹ்ரிமனும் ஒரே நிலையில் மிதிபட்டுக் கிடக்கின்றனர். அரசனின் பகைவன் தெய்வத்தின் பகைவன் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சிற்பம் உலகில் அரிது. அந்த வம்சத்துக்குப் பெயர் கொடுத்த ஸாஸான் என்பவன் இஸ்தக்ர் நகரில் இருந்த அனாஹிதா தேவியின் ஆலயத்தோடு தொடர்புடையவன் என்று பிற்கால மரபு கூறுவதையும், அரசும் மதமும் ஒரு தாய் வயிற்றில் பிறந்த இரட்டையர் என்ற கருத்தை அர்தஷீர் தன் மகனுக்கு உபதேசித்ததாக அதே மரபு கூறுவதையும் சேர்த்துப் பார்த்தால், கட்டிங் மாஸ்டரின் துணிபு எங்கிருந்து புறப்பட்டது என்பது விளங்கும்.

இரட்டையர் என்று சொல்லிவிட்ட பிறகு மூன்றாமவருக்கு வீட்டில் இடமில்லை. இதை எழுத்தில் பொறித்துவைத்த பெருமை கர்தீர் என்னும் குருக்களைச் சேரும். முதலாம் ஷாபூர் தொடங்கி இரண்டாம் பஹ்ராம் வரை நான்கு அரசர்களின் ஆட்சியில் படிப்படியாக உயர்ந்து, அரசர்க்கு மட்டுமே உரியதாயிருந்த பாறைச் சாசன உரிமையையும் பெற்ற அந்த மனிதர், தம் சாதனைகளை ஒரு முறையன்று, பல இடங்களில் திரும்பத் திரும்பச் செதுக்கச் செய்தார். எத்தனை நெருப்புகளை நிலைநாட்டினேன், எத்தனை குருமார்க்கு மானியம் வாங்கிக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டே வருபவர், பேரரசுக்குள் அடிபட்டு ஒடுக்கப்பட்டவர்களின் பட்டியல் ஒன்றையும் பெருமையோடு தருகிறார். அதில் யூதர் இருக்கின்றனர். நஸரேயர் என்றும் கிறிஸ்தவர் என்றும் இரு வகையினர் இருக்கின்றனர். மானியின் வழி நின்றவர் இருக்கின்றனர். நமக்குப் பழகிய இரண்டு பெயர்களும் இருக்கின்றன: சிரமணர், பிராமணர். பாரதநாட்டில் நூற்றாண்டுக்கணக்கில் தங்களுக்குள் வாதிட்டுக்கொண்டிருந்த இரு தரப்பாரும் கர்தீரின் ஒரே வரியில் அருகருகே நிற்கும் காட்சியில் ஒரு கசப்பான நகைச்சுவை உண்டு.

மானியின் கதையே இந்த ஏற்பாட்டின் இயல்பைக் காட்டப் போதும். அவர் இந்தியப் பக்கம் யாத்திரை வந்தவர். ஜரதுஷ்டிரர், புத்தர், ஏசு ஆகிய மூவரின் வழியில் வந்த தூதன் எனத் தம்மைக் கூறிக்கொண்டவர். தம் நூல்களுள் ஒன்றை ஷாபூர் மன்னனுக்கே உரிமையாக்கி எழுதினார். அந்த மன்னனின் நிழலில் அவர் போதனை பரவியது. பஹ்ராமின் காலம் வந்ததும், கர்தீர் முதலியோரின் செல்வாக்கு ஓங்க, அவர் விலங்கிடப்பட்டுச் சிறையிலேயே மாண்டார். அரசனின் தயவால் எழுந்த மதம் அடுத்த அரசனின் சினத்தால் விழுந்தது. இதில் வியப்பொன்றும் இல்லை.

பாரசீகம் எப்போதும் இப்படியே இருந்ததில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஸாஸானியருக்கு ஏழரை நூற்றாண்டுகளுக்கு முன், கி.மு. 539 இல் பாபிலோனைக் கைப்பற்றிய கைரஸ், அந்நகரத்துத் தெய்வமான மர்துக் தன்னைத் தேர்ந்தெடுத்ததாகக் களிமண் உருளையில் எழுதுவித்தான். யூதர்கள் எருசலேமுக்குத் திரும்பிக் கோயில் கட்ட இடம் கொடுத்தவன் என்று அவர்களுடைய வேதம் அவனைப் போற்றுகிறது. வென்ற ஊரின் தெய்வத்தின் பெயரால் ஆள்வது அவன் முறை. அதில் பக்தி எவ்வளவு, தந்திரம் எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்க யாராலும் முடியாது. ஆனால் அரசுக்கும் மதத்துக்கும் இடையே ஒன்றுக்கு மேற்பட்ட பந்தம் சாத்தியம் என்பதைப் பாரசீகமே முன்பு அறிந்திருந்தது.

ஸாஸானியரின் கிறிஸ்தவப் பிரஜைகளின் நிலை வேறு வகையில் சுவையானது. ரோமானியப் பேரரசு அவர்களைத் துன்புறுத்திக்கொண்டிருந்த வரையில் அவர்கள் பாரசீகத்துக்கு அடைக்கலம் புகுந்தவர்களாகவே தோன்றினர். நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டண்டைன் சக்கரவர்த்தி அந்த மதத்தைத் தழுவியதும், அவர்கள் ஒரே நாளில் பகைவனின் மதத்தைச் சேர்ந்தவர்களாகிவிட்டனர். போர்ச்செலவுக்காகத் தம் மக்களிடம் இரட்டை வரி வசூலித்துத் தர மறுத்த தலைமைக்குரு சிமயோன், இரண்டாம் ஷாபூரின் ஆணையால் கொல்லப்பட்டார். நெடுங்காலம் நீடித்த ஒரு கொடுமையின் தொடக்கம் அது. பின்பு, முதலாம் யஸ்தகர்த் என்னும் மன்னன் 410 இல் தன் தலைநகரிலேயே அவர்களுடைய குருமார் மாநாடு கூட அனுமதித்தபோது, அக்கினிக் குருமார் அவனுக்குச் சூட்டிய பட்டம் ‘பாவி’ என்பது. ஒரு மதத்தாரின் பாவி மற்றொரு மதத்தாருக்குப் புண்ணியவான். இவ்வாறு தங்கள் மதத்தைச் சேராத அரசனின்கீழ், அவன் முகம் பார்த்து, அவன் வரி கட்டி, அவன் நலத்துக்காகப் பிரார்த்தனையும் செய்து, அரியணையே இல்லாமல் ஒரு திருச்சபையை நடத்தும் வித்தையைப் பாரசீகக் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றனர். அக்கினிக் குருமார்க்கோ அந்த வித்தையைக் கற்க வேண்டிய அவசியம் அப்போது ஏற்படவில்லை.

ஏழாம் நூற்றாண்டில் ஏற்பட்டது. 602 முதல் 628 வரை ரோமானியரோடு நடந்த யுத்தத்தில் எருசலேம் வரை சென்று வென்ற ஸாஸானியர், இறுதியில் அனைத்தையும் இழந்து, கொள்ளைநோயும் அரண்மனைக் கொலைகளும் சேர்ந்து நாட்டைக் குலைக்க, நாலைந்து ஆண்டுகளில் இரண்டு ராணிகள் உள்ளிட்ட பலரை அரியணையில் ஏற்றி இறக்கி, கடைசியாக 632 இல் சிறுவன் மூன்றாம் யஸ்தகர்தை முடிசூட்டினர். அரபுப் படையிடம் போருக்குப் போர் தோற்று, கிழக்கே ஓடி ஓடி, 651 இல் மெர்வ் நகருக்கருகே அவன் கொலையுண்டான். அவன் மகன் பேரோஸ் சீனத்துத் தாங் அரசவையில் அடைக்கலம் புகுந்தான். அரியணை போயிற்று, காசின் ஒரு புறம் தேய்ந்துவிட்டது. மறுபுறத்து நெருப்பு என்ன ஆயிற்று என்பதுதான் இளைஞரின் கேள்விக்கு உண்மையான விடை.

அந்த நெருப்பு உடனே அணைந்துவிடவில்லை. இது கவனிக்கத்தக்கது. அந்த மதத்தின் பெருங்களஞ்சியங்களாக இன்று நமக்குக் கிடைக்கும் தேன்கர்த், புந்தஹிஷ்ன் முதலிய பஹ்லவி நூல்கள் பெரும்பாலும் ஒன்பதாம் நூற்றாண்டில், அதாவது அரசு அழிந்து இருநூறு ஆண்டுகள் கழிந்து, கலீபாக்களின் ஆட்சியில் வாழ்ந்த குருமார்களால் இன்றைய வடிவத்தில் தொகுக்கப்பட்டவை. வாளும் வரியும் கையில் இருந்த காலத்தில் பாறையில் தம் பெயரைச் செதுக்கிக்கொண்டிருந்த ஒரு குருகுலம், இரண்டும் பறிபோன பிறகே தன் தத்துவத்தை ஏட்டில் எழுத உட்கார்ந்தது என்று சொன்னால் அது சற்றே மிகையாகும். ஆயினும் அந்த மிகையில் உண்மை இருக்கிறது என்பது என் எண்ணம். ஸாஸானியர் வென்றிருந்தால் நெருப்பாலயங்கள் பெருகியிருக்கும், கர்தீரின் பட்டியல் நீண்டிருக்கும். அதற்குமேல் ஊகிக்க எனக்குத் துணிவில்லை. ஊகிக்க வேண்டிய தேவையும் இல்லை. ஏனெனில் பாரசீக மதங்கள் தம் அரியணையின்றி, பிறமதத்து அரசன் ஒருவனின்கீழ் வாழ்ந்தால் என்ன ஆகும் என்ற பரிசோதனை, அதே ஒன்பதாம் நூற்றாண்டில், நம் வட்டெழுத்தில், ஒரு செப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.

அந்தச் செப்பேட்டுக்கு முன்பே பாரசீகர் இந்தக் கடற்கரைகளுக்கு வந்து போய்க்கொண்டிருந்தனர். ஆறாம் நூற்றாண்டின் கிரேக்க வணிகர் கோஸ்மாஸ், இலங்கையிலும் மலைநாட்டிலும் கிறிஸ்தவர் இருப்பதையும், அவர்களுடைய குருமார் பாரசீகத்திலிருந்து நியமிக்கப்படுவதையும் எழுதியிருக்கிறார். இலங்கை மன்னன் முன்னிலையில் ஒரு ரோமானிய வணிகனும் ஒரு பாரசீகனும், தத்தம் அரசனே பெரியவன் என்று வாதிட்டு, ஒருவன் பொற்காசையும் மற்றவன் வெள்ளிக்காசையும் எடுத்து நீட்டிய கதையைச் சொன்னவரும் அவரே. மன்னன் பொன்னைப் பார்த்து ரோமானியன் பக்கம் தீர்ப்பளித்தானாம். கதை சொன்னவர் ரோமானியர் பக்கத்தவர் என்பதை நாம் மறக்கலாகாது. அநுராதபுரத்தில் 1912 இல் அகப்பட்ட கற்சிலுவையும், 1547 இல் போர்த்துகீசியர் பரங்கிமலையில் ஆலயம் எழுப்பத் தோண்டியபோது வெளிப்பட்ட சிலுவையும் அந்தத் தொடர்பின் அடையாளங்கள். பரங்கிமலைச் சிலுவையைச் சுற்றி ஓடும் எழுத்து இன்னதென்று அறியாமல் முந்நூறு ஆண்டுகள் பலரும் பலவாறு கதை கட்டினார்கள். சென்னை மாகாணத்தில் நீதிபதியாக இருந்த பர்னல் 1873 இல் வெளியிட்ட ஆய்வில்தான் அது பஹ்லவி என்பது நிலைபெற்றது. தம் சிலுவையைச் செதுக்கியவர்கள் பயன்படுத்திய எழுத்து, அவர்களை ஒடுக்கிய அக்கினிக் குருமாரின் எழுத்தே. மதம் வேறானாலும் எழுத்தும் பேச்சும் அவர்களுக்குத் தாய்நாட்டுச் சொத்து.

இனிச் செப்பேட்டுக்கு வருவோம். சேரப் பெருமாள் தாணு ரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 849 அளவில், வேணாட்டை ஆண்ட அய்யன் அடிகள், குரக்கேணிக் கொல்லத்தில் மாறுவான் சபிர் ஈசோ என்பவர் கட்டுவித்த தரிசாப்பள்ளிக்கு நிலமும் குடிகளும் உரிமைகளும் வழங்கினார். கிறிஸ்தவரைக் குறிக்கப் பாரசீகர் வழங்கிய ‘தர்ஸா’ என்னும் சொல்லுக்கு அஞ்சுபவன், அதாவது தெய்வத்துக்கு அஞ்சி நடப்பவன், என்று பொருள். அது நம் எழுத்தில் தரிசா ஆயிற்று. சபிர் ஈசோவை அந்தச் சாசனம் வெறும் குருவாகக் காட்டவில்லை. அந்த நகரத்தையே தோற்றுவித்தவர் என்று கூறுகிறது. பள்ளியின் நிலத்துக்கு எல்லை வகுக்கப் பிடியானையை நடத்தி, நீர் வார்த்துக் கொடுத்தார்கள். பிரமதேயத்துக்கும் தேவதானத்துக்கும் நம் மன்னர்கள் செய்த சடங்கே இது. சிலுவை வணங்கும் பள்ளி என்பதற்காக யானையின் நடை மாறவில்லை. இளவரசரும் அதிகாரிகளும் பெருமாளின் பிரதிநிதியும் அறுநூற்றுவரும் உடனிருந்தனர். அஞ்சுவண்ணம், மணிகிராமம் என்னும் வணிகக் கூட்டங்கள் இரண்டும் பள்ளியைக் காக்கும் பொறுப்பை ஏற்றன. வீடுபேறு எனச் சாசனம் கூறும் எழுபத்திரண்டு சிறப்புரிமைகளும் அவற்றைச் சேர்ந்தன. நகரத்து அளவையும் எடையும் பள்ளியின் பொறுப்பில் விடப்பட்டன.

சாட்சிக் கையெழுத்துகள்தான் அந்தச் சாசனத்தின் விசேஷம். இருபதுக்கும் மேற்பட்ட அயலார், தத்தம் கையெழுத்தைத் தத்தம் லிபியிலேயே இட்டிருக்கின்றனர். சிலர் கூபி எழுத்தில் அரபு மொழியில், சிலர் எபிரேய எழுத்தில் பாரசீக மொழியில், சிலர் பஹ்லவியில். முதல் வகையினர் முஸ்லிம்கள். இரண்டாம் வகையினர் யூதர். மூன்றாம் வகையினருள் கிறிஸ்தவரும் ஜரதுஷ்டிரரின் நெறியினரும் உண்டு என்று பெயர்களைக் கொண்டு அறிஞர் கொள்கின்றனர். யஸ்தகர்த் வீழ்ந்து இருநூறு ஆண்டுகளாகிவிட்டன. அவன் அரசவையின் எழுத்து, அரசவை இல்லாமல், கொல்லத்துத் துறைமுகத்தில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியின் நிலப்பத்திரத்துக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

கர்தீரின் பாறையை இந்தச் செப்பேட்டின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் பட்டியல்களே. யூதன் இதிலும் உண்டு, அதிலும் உண்டு. கிறிஸ்தவன் இதிலும் உண்டு, அதிலும் உண்டு. அங்கே பிராமணனை அடித்த மதத்தின் பிள்ளைகள், இங்கே பிராமணரைப் பேணிய அரசன் ஒருவனின் சாசனத்தில், தங்கள் முன்னோர் ஒடுக்கிய கிறிஸ்தவனின் நிலத்துக்குச் சாட்சியாக நிற்கின்றனர். ஆட்கள் மாறவில்லை, அரியணைதான் இல்லை. இளைஞர் கேட்ட மாற்றுச் சரித்திரம் இதுவே என்று நான் சொல்வேன்.

வேணாட்டரசன் ஏன் இவ்வளவு தாராளமாயிருந்தான்? நம்மவரின் பரந்த மனத்தைக் காரணமாகச் சொல்லிப் பூரித்துப்போகும் கட்டுரைகள் ஏராளம் உண்டு. அந்த வரிசையில் சேர எனக்கு விருப்பமில்லை. கொல்லத்தில் கப்பல் வந்து தங்கினால் சுங்கம் வரும். கப்பலோட்டிகள் தங்க வேண்டுமானால் அவர்கள் தெய்வமும் தங்க இடம் வேண்டும். நம் அரசர்கள் தெய்வத்தின் பெயரால் ஆண்டவர்களே. ஆனால் அவர்களுடைய அதிகாரம் ஊர், நாடு, நகரம், சபை, வணிகக் கூட்டம் எனப் பல கைகளில் பங்கிடப்பட்டுக் கிடந்தது. அறுநூற்றுவர் இன்றி ஒரு பட்டயம் கொடுக்க முடியாத நாட்டில் கர்தீர் ஒருவர் முளைத்து எல்லார்க்கும் ஆணையிட இயலாது. கருணையைவிட இந்தப் பங்கீடே பெரிய காரணம் என்பது என் துணிபு.

இது கடற்கரைக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று. செப்பேடு எழுந்து சுமார் இருபது ஆண்டுகள் கழித்து, சகம் 792 இல், அதாவது கி.பி. 870 இல், பழனிக்கு மேற்கே ஐவர்மலையில் சாந்திவீரக் குரவர் என்னும் ஜைன முனிவர் பார்சுவநாதரின் திருவுருவத்தையும் யக்ஷிகளின் உருவங்களையும் புதுப்பித்து, வழிபாட்டுக்காக 505 பொற்காணம் வைத்த செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. அது பொறிக்கப்பட்டது சிவபக்தன் என்று புகழ்பெற்ற வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில். இரண்டாம் வரகுணன் 862 இல் பட்டமேறினான் என்று நாம் நிச்சயிக்க உதவுவதும் இந்த ஜைனக் கல்வெட்டே. செப்பேட்டின் அரசனாகிய தாணு ரவியும் கொங்கு நாட்டுக்குத் தூரத்தவன் அல்லன்: சோழன் முதலாம் ஆதித்தனோடு சேர்ந்து அவன் விக்கி அண்ணன் என்னும் தலைவனுக்குச் சிறப்புகள் வழங்கியதைத் திருவையாற்றை அடுத்த தில்லைஸ்தானத்துக் கல்வெட்டு தெரிவிக்கிறது. சேரநாட்டுக்கும் சோழநாட்டுக்கும் இடையே வழி என்றால் அது பாலக்காட்டுக் கணவாயும் கொங்கு நாடும்தான். கோயமுத்தூருக்கு மேற்கே ராஜகேசரிப் பெருவழி என்று பெயர் பொறித்த பாறை இன்றும் அந்த வழியைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில், ராமநாதபுரக் கடற்கரையில் தீத்தாண்டதானபுரத்தில், அதே அஞ்சுவண்ணத்தாரும் மணிகிராமத்தாரும் நெசவாளராகிய கைக்கோளரோடு ஒரே சபையில் கூடி ஒரு கோயிலுக்கு மகமை ஏற்படுத்தியிருக்கின்றனர். துணி நெய்பவரும் துணி விற்பவரும் தெய்வம் விசாரித்துக்கொண்டு சபை கூடவில்லை.

இத்தனையும் சொன்னதால் நம் நாடு மதப்பகை அறியாத நாடு என்று பொருள் கொள்ளலாகாது. மதுரையில் சமணர் கழுவேறிய கதையை நம்மவர்களே காவியத்தில் பெருமையோடு பாடியிருக்கின்றனர். சமணத்திலிருந்து சைவத்துக்கு மாறிய மகேந்திர பல்லவன் சமணப் பள்ளியை இடித்தான் என்றும் அதே காவியம் கூறுகிறது. கதையாயினும், அதைப் பாடுவதில் மகிழ்ந்த மனம் கதையன்று. குஜராத்தின் கரையில் வந்திறங்கிய பார்சிகளுக்கு ஜாதி ராணா என்னும் மன்னன் இடங்கொடுத்ததை 1599 இல் இயற்றப்பட்ட கிஸ்ஸா-இ-சஞ்சான் கூறும்போது, ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டும், நாட்டு மொழியைப் பேச வேண்டும், பெண்கள் நாட்டு உடையை அணிய வேண்டும் என்ற நிபந்தனைகளையும் சேர்த்தே கூறுகிறது. அடைக்கலத்துக்கு விலை உண்டு. அந்த விலையைக் கொடுத்து, அரியணை இல்லாத நெருப்பை அவர்கள் காத்து வந்தனர். சென்னை ராயபுரத்தில் 1910 இல் கட்டப்பட்ட பார்சி நெருப்பாலயத்தில் அது இன்றும் எரிகிறது.

கொல்லத்துச் செப்பேட்டை ஐரோப்பாவுக்கு முதலில் அறிமுகம் செய்தவரைப் பற்றியும் ஒரு சொல். பிரெஞ்சுச் சிப்பாயாகப் பெயர் பதிந்து 1755 இல் புதுச்சேரியில் வந்திறங்கிய ஆங்க்கெதில் தூப்பெரோன், அவெஸ்தாவைத் தேடிச் சூரத்துப் பார்சிகளிடம் போகும் வழியில் மலையாளக் கரையைச் சுற்றிவந்தபோது இந்தச் சாசனத்தின் பிரதியைப் பெற்றார். ஐரோப்பிய மொழி ஒன்றில் முதன்முதலாக அவெஸ்தா வெளிவந்த அவருடைய 1771 ஆம் ஆண்டு நூலிலேயே இதன் மொழிபெயர்ப்பும் இடம்பெற்றது. ஜரதுஷ்டிரரின் வேதமும் அந்த நெறியினர் கையெழுத்திட்ட கிறிஸ்தவப் பட்டயமும் ஒரே அட்டைக்குள் அச்சேறின. செப்பேட்டின் தகடுகள் இன்று கோட்டயத்திலும் திருவல்லாவிலும் இரண்டு திருச்சபைகளிடம் பிரிந்து கிடக்கின்றன; வந்தேறிகளின் பிள்ளைகளுக்குள் பாகப்பிரிவினை நடந்தது என்பதும் அவர்கள் நம்மவர்களாகிவிட்டதற்கு ஓர் அத்தாட்சி போலும்.

இவற்றையெல்லாம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த இளைஞரிடம் சொன்னேன். காசின் கதையையும் பிடியானையின் கதையையும் மிகவும் ரசித்துக் கேட்டார். பள்ளிக்குக் கொடுக்கப்பட்ட குடிகளைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகம் சற்று மாறியது. நிலத்தோடு சேர்த்து ஈழவர் குடி நான்கும், வண்ணாரும், தச்சரும், உழுகின்ற வெள்ளாளரும் பள்ளிக்கு உரியவராக ஒப்படைக்கப்பட்டனர்; தலைக்காணம், மரமேறும் ஏணிக்கு உரிய ஏணிக்காணம் முதலிய வரிகளை அவர்களிடமிருந்து அரசன் வாங்குவதில்லை என்று விலக்கினான்; அவர்கள் குற்றம் செய்தால் அரசனன்றிப் பள்ளியாரே விசாரிப்பர். எந்த மதத்தவன் எந்த மதத்தவனுக்குச் சாட்சி நின்றான் என்று நான் வியந்துகொண்டிருந்த அதே தகட்டில் இதுவும் எழுதப்பட்டிருக்கிறது.

“அந்த நாலு குடிக்காரங்க பேரு தகட்டுல இருக்குதுங்களா?” என்று கேட்டார்.

குடிகளின் எண்ணிக்கை இருக்கிறது, பெயர் இல்லை என்றேன்.

“கையெழுத்துங்க?”

அதுவும் இல்லை என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மணி ஒன்பதாகிறது, ஞாயிறானாலும் ஓவர்டைம் இருக்கிறது என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தார்.